மூக்கு நுனிக்கு நேரே ஒரு கோடு

பைக்கின் முன்கண்ணாடியை வெட்டிக் குட்டையாக்குவது என்பது, அரை மணி நேரம் அளந்து, ஒரு மணி நேரம் அறுத்து, பிறகு நாள் கணக்கில் "ஒரு விரல் கூடுதலாக விட்டிருக்கலாமோ" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் தொழில்.

கண்ணாடி என்று சொன்னாலும் அது கண்ணாடி இல்லை, கெட்டியான பிளாஸ்டிக். குளிர்காற்றும் மழையும் நெஞ்சில் அடிக்காமல் இருக்க ஹேண்டிலுக்கு முன்னால் பூட்டுவது. எங்கள் மலையில் பெரகலச் சந்தியிலிருந்து கொஸ்லந்தப் பாதையில் விடியற்காலையில் இறங்கியவர்களுக்கு அது ஏன் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கடையில் விற்பதெல்லாம் ஒரே உயரம். யாருடைய உயரம் என்று கேட்டால் விற்கிறவருக்கே தெரியாது. நம்மைப் போன்ற ஆட்களுக்கு அதன் விளிம்பு நெற்றிக்கு மேலே போய் நிற்கும். பாதையை அந்த பிளாஸ்டிக் வழியாகத்தான் பார்க்க வேண்டும். மூடுபனி வந்தால் அது முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர் பூத்துவிடும். பஸ்ஸுக்கு வைப்பர் உண்டு. நமக்கு?

ஆகவே, பனிக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டும் என் சக பாவிகளே, விளிம்பு உங்கள் மூக்கு நுனிக்கு நேரே நிற்க வேண்டும். அப்போது கண் அதற்கு மேலால் பாதையைப் பார்க்கும், காற்றும் முகத்தில் அறையாமல் மேலே போய்விடும். நான் பதுளையில் கெம்பஸில் பௌதிகம் படிக்கிறேன். அங்கே இதை யாரும் சொல்லித் தரவில்லை. என் அண்ணன் ஜெரோம் சொன்னான், நான் கேட்கவில்லை. போன வருஷம் ஐப்பசி மழையில், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பால் சேர்க்கப் போனவன், பாதையில் சரிந்து கிடந்த கல்லைப் பனிக்குள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் தாங்கவில்லை.

கேன்கள் நசுங்கின, ஹேண்டில் வளைந்தது. கண்ணாடிக்கு மட்டும் ஓரத்தில் ஒரு கீறல். பைக்கைச் சரி பண்ணி, எங்கள் லயத்து வாசலில் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். அந்தக் கண்ணாடியில், அண்ணன் தன் மூக்கு நுனிக்கு நேரே ஒட்டிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. ஊரார் கண்ணாடியை எல்லாம் வெட்டிக் கொடுத்த எனக்கு, அந்த ஒன்றில் பிளேடு வைக்கத் துணிச்சல் வரவில்லை.

முதல் கண்ணாடி

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த வாரம், அண்ணனோடு சின்ன வயதிலிருந்து சுற்றிய சிவா தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஜெரோம் சொன்ன மாதிரி என்னோடத வெட்டிக் குடு தங்கச்சி" என்றார். எனக்கு ஏன் என்று கேட்கவும் தோன்றவில்லை. இரும்பு அறுக்கிற அண்ணனின் ஹெக்ஸோ வாள் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். காலை ஆறு மணி. மூச்சு விட்டால் புகை தெரியும் குளிர். கண்ணாடியைக் கழற்றிப் பெஞ்சில் படுக்க வைத்து, முழங்காலை ஊன்றி, கோபத்தையெல்லாம் கையில் வைத்து இழுத்தேன். நாலாவது இழுப்பில் 'டொக்' என்றது. மேல் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரு விரிசல்.

குளிரில் அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும், அறுக்கும் முன் வெயிலில் போட்டு வெதுவெதுப்பாக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அழுதேன். கண்ணாடிக்காக இல்லை என்பது சிவாவுக்கும் தெரியும். அவர் உடைந்த துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழாத தங்கச்சி. ஜெரோமும் அம்மா வாங்கிக் குடுத்தத இப்படித்தான் காலங்காத்தால தனியா அறுத்து ஒடைச்சான். அதே மாதிரி ஒண்ண வாங்கிப் பூட்டிட்டு ஒங்ககிட்டச் சொல்லல, அவ்வளவுதான்."

பண்டாரவளைக் கடையில்

நல்ல பிளேடு வாங்கப் பண்டாரவளைக்குப் போனேன். ஹார்ட்வெயார் கடையில், முஸ்லிம்களின் வழக்கப்படி எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பெரியவர் இருந்தார். ஹெக்ஸோ பிளேடு கேட்டேன். என்னைப் பார்த்தார், தோளில் தொங்கிய பையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "என்னத்துக்கு மகள்?" என்றார். சொன்னேன். "வீட்டுல ஆம்புளப் புள்ளயள் ஒத்தரும் இல்லையா? அண்ணன் தம்பி இருந்தா அனுப்புங்களேன்" என்றார்.

பிளேடு வாங்க மீசை வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்க வாய் திறந்தேன். இப்படிப்பட்ட சண்டைகளில் நான் பின்வாங்குகிறவள் இல்லை. கெம்பஸில் கன்டீன்காரரில் இருந்து விரிவுரையாளர் வரைக்கும் அதற்குச் சாட்சி சொல்வார்கள். ஆனால் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான். "இருந்தான்" என்றேன்.

நானா எனக்காக எடுத்து வைத்திருந்த பிளேடைத் திருப்பி டப்பாவில் போட்டார். உள்ளே போய், தூசு தட்டி, வேறு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பல்லைப் பெருவிரலால் தடவிக் காட்டிச் சொன்னார்: "மத்தது இஞ்சிக்கு இருவத்திநாலு பல்லு மகள், பிளாஸ்டிக்கப் பிச்சிரும். இது முப்பத்திரண்டு. அவசரப்படாம அறுங்க."

போட்டோ முதுகு

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் செல்வம் சேர் தன் பைக்கில் உட்கார்ந்தார். மூக்கு நுனிக்கு நேரே டேப் ஒட்டினேன். வெயிலில் போட்டேன், அறுத்தேன், சேன்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து விளிம்பைத் தேய்த்தேன், கடைசியில் பற்பசை போட்டுத் துடைத்து மினுக்கிக் கொடுத்தேன். கை வைத்தால் வழுக்கும். அடுத்த நாளே சேர் திரும்பி வந்துவிட்டார். "கோடு கண்ணுக்கு நடுவுல ஓடுது. மேலயும் பாக்க முடியல, கீழயும் பாக்க முடியல" என்றார். அளந்தது நீங்கள் உட்கார்ந்தபடிதானே என்று நான் கேட்க, அளக்கத் தெரியாமல் ஏன் வெட்டுகிறாய் என்று அவர் கேட்க, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பிறகுதான் புரிந்தது. அளக்கப் போகிறோம் என்றதும் நம் ஆட்கள் அடையாள அட்டைக்குப் போட்டோ பிடிக்கிற மாதிரி உட்காருகிறார்கள். கழுத்து நீளும், நெஞ்சு முன்னுக்கு வரும். பாதையில் இரண்டு வளைவு தாண்டிக் குளிர் ஏறியதும் அந்த முதுகு எங்கே போகிறதோ, ஆள் சுருண்டுவிடுகிறார். மூக்கு நாலு விரல் கீழே இறங்கிவிடுகிறது. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். யாராக இருந்தாலும் கீழே பாலத்தடி வரைக்கும் ஓட்டிவிட்டு வர வேண்டும். வந்ததும் இறங்கக் கூடாது, பேசக் கூடாது, நிமிரவே கூடாது. அந்தக் கூனலோடு இருக்கும்போதே டேப் ஒட்டிவிடுவேன். சேரையும் அப்படியே அனுப்பி, வந்தவுடன் ஒட்டிக் காட்டினேன். பழைய விளிம்புக்கும் புது டேப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர் வெகுநேரம் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா புள்ளைங்கள நிமிந்து உட்காரு, நிமிந்து உட்காருன்னு கத்துறேன். நான் இப்படித்தான் போறேன்னு ஒருத்தரும் சொல்லலயே."

சாமியாரின் ஸ்கூட்டர்

அண்ணனின் அடக்கப் பூசையில், "இது இறைவனின் சித்தம்" என்று பிரசங்கம் வைத்த அதே பங்குச் சாமியார் தன் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். எனக்கு அந்த வார்த்தை இரண்டு மாதமாகத் தொண்டையில் முள் மாதிரி நின்றிருந்தது. அறுக்கும்போது ஒருவர் அறுக்க, ஒருவர் மறுபக்கத்தை அசையாமல் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் துடித்தே உடைந்துவிடும். சாமியாரைப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு கையும் மாட்டிக்கொண்ட மனிதரிடம் வாதாடுவது நியாயமில்லைதான். ஆனாலும் கேட்டேன்: "சாமி, பாதையில கல் கெடந்தது இறைவன் சித்தமா? மழைக்கு முந்தியே மண்திட்டு சரியப் போகுதுன்னு சொல்லியும் ஒருத்தரும் எட்டிப் பாக்காதது யார் சித்தம்? எல்லாம் மேல எழுதினபடிதான்னா, நீங்க ஏன் கண்ணாடிய வெட்டக் கொண்டாந்தீங்க?"

பிளேடு போய் வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பொடி அவருடைய கறுப்புக் காற்சட்டையில் உதிர்ந்தது. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்தால் இன்னும் நாலு கேள்வி தயாராக இருந்தது. அவர் கையை எடுக்காமல், கோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னைக்கு எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல மகளே. கொஞ்சம் பாத்து அறு, நானும் அந்தப் பாதையிலதான் போகணும்."

மிட்வைஃப் மிஸ்ஸின் உயரம்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஸ்கூட்டர் கொண்டுவந்தார். ஆள் நல்ல உயரம். என் சட்டப்படி பாலத்தடிக்குப் போய் வந்தார், சுருண்டு உட்கார்ந்தார், டேப் ஒட்டினேன். எல்லாம் சரி. பிளேடு எடுக்கும்போது பேச்சுவாக்கில், "இது என் மனைவி ஓட்டுற ஸ்கூட்டர். அவ மிட்வைஃப். புள்ளத்தாச்சிகளப் பாக்க லயம் லயமாப் போகணும்" என்றார். ஓட்டுவது மனைவி என்றால் அளவுக்கு நீங்கள் ஏன் உட்கார்ந்தீர்கள் என்றேன். "அவளுக்கு இதெல்லாம் தெரியாது, நான் சொன்னாச் சரி" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! டேப்பை உரித்துச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்து, மூக்குக்கு உரியவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அந்த மிஸ் வந்தார். அவருடைய மூக்கு கணவருடையதிலிருந்து ஒரு சாண் கீழே இருந்தது. "பனி நேரத்துல ஒங்களுக்கு இதுக்குள்ளால என்ன தெரியும்?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அந்த மனுஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் வாசல் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, மிஸ் சொன்னார்: "ரெண்டு வருஷமா ஓட்டுறேன் தங்கச்சி. எனக்கு என்ன தெரியுதுன்னு மொதல்ல கேட்டது நீங்கதான்."

நான் ஜெயித்த நாள்

அந்தக் கேள்வியை நான் அண்ணனிடம் கேட்கவில்லை.

போன வருஷம் ஆவணி லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். பின்னேரம். அப்பா உள்ளே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் டேப் ஒட்டி, கண்ணாடியைக் கழற்றி வைத்து, ஹெக்ஸோ வாளோடு நின்று, "ப்ரிசி, இந்தப் பக்கம் கொஞ்சம் புடி" என்றான். ஏன் என்று கேட்டேன். "பனியில ஒண்ணும் தெரியல" என்றான். அவ்வளவுதான், எனக்கு ஒரு தலைப்புக் கிடைத்துவிட்டது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் அண்ணனை வரைந்தேன், பைக்கை வரைந்தேன், காற்றுக்கு அம்புக்குறி போட்டேன். உயரமாக இருந்தால்தான் காற்று தலைக்கு மேலே போகும் என்றேன். சின்ன வயதில் அவனுக்கு மூச்சு இழுப்பு வந்ததை ஞாபகப்படுத்தினேன். அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்றேன். அவன் உடைத்துவிட்டு வேறொன்று பூட்டிய கதை எனக்குத் தெரியாதே! "காத்த விடு புள்ள, தண்ணி நிக்குதே" என்று இரண்டு தடவை சொன்னான். "தொடைச்சுக்கோ" என்றேன். ஒரு கையில் ஹேண்டிலைப் பிடித்து, பால் கேன்களோடு, அந்த வளைவுகளில் எப்படித் துடைப்பது? என் படத்தில் அம்புக்குறிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. மூடுபனியைத்தான் வரையவில்லை.

அவன் என்னிடம் கேட்டது கருத்தை இல்லை. மறுபக்கத்தைப் பிடிக்க ஒரு கை. கெம்பஸில் என் வாதங்களை யாரும் முழுசாகக் கேட்பதே இல்லை. இவன் அரை மணி நேரம் நின்று கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே வாளை ஆணியில் மாட்டினான். டேப்பை உரிக்கவில்லை. "சரி, நீ படிச்சவ. இது இருக்கட்டும், அடுத்த லீவுக்கு வர்றப்பப் பேசுவோம்."

அப்பாவின் மூக்கு

அண்ணன் போன பிறகு தோட்டத்தின் கீழ் டிவிசனில் மாடு வைத்திருப்பவர்களின் பாலை எடுக்க யாரும் வரவில்லை. அந்தப் பெண்கள் விடியக் கறந்து, கேனைத் தலையில் வைத்துச் சந்தி வரைக்கும் ஏறி, திரும்பி ஓடி வந்து, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கிறார்கள். போன மாதம் அப்பா, தானே பைக்கை எடுப்பதாகச் சொன்னார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். வயது, கண், பனி, பாதை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வாதாடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திங்கக்கெழமை போறேன்" என்றார். சாக்கை எடுத்தோம். வாரா வாரம் அம்மா சாக்கை விலக்கித் துடைத்து வைத்திருந்த கண்ணாடி பளிச்சென்று இருந்தது. டேப்பைச் சுற்றி மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தூசு. அங்கே அம்மா துணியைக் கொண்டுபோகவே இல்லை.

"அவன் போட்ட கோட்டுலயே வெட்டிரு" என்றார் அம்மா. எனக்கும் அதுதான் ஆசை. அப்பா பாலத்தடிக்குப் போய் வந்தார். என் சட்டப்படி இறங்கவில்லை, பேசவில்லை. நாற்பது வருஷ மூட்டையெல்லாம் இன்னும் முதுகில் இருக்கிற மாதிரி சுருண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனி, அண்ணனின் டேப்புக்கு மூன்று விரல் கீழே நின்றது. அந்தக் கோட்டில் வெட்டினால் விளிம்பு அப்பாவின் கண்ணுக்கு நேரே வரும். ஊருக்கெல்லாம் நிமிராதே என்று சட்டம் போட்ட நான் சொன்னேன்: "கொஞ்சம் நிமிந்து உட்காருங்கப்பா." அப்பா நிமிர்ந்தார். மூக்கு டேப்பைத் தொடுகிற அளவுக்கு ஏறியது. கழுத்து நரம்பு புடைத்து, தோள் நடுங்கியது. எனக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே இருந்திருப்பார். "போதும்பா" என்றேன். மெல்ல இறங்கி, தன் இடத்துக்கு வந்தார். மூன்று விரல் கீழே புது டேப்பை ஒட்டினேன். அம்மா உள்ளே போய்விட்டார்.

உச்சி வெயிலில் போட்டு வைத்தோம். முப்பத்திரண்டு பல் பிளேடு. அப்பா மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார், அசையவே இல்லை. அறுந்த துண்டு, அண்ணனின் கறுப்பு டேப்போடு, என் கையில் வந்து விழுந்தது. வெயிலில் சூடேறி, காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி இருந்தது. அதைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றேன். அப்பா புது விளிம்பைப் பெருவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னைக்கு நீ அவன்கிட்டப் பேசினதெல்லாம் நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் பாப்பா. நீ சொல்றதுதான் சரின்னு எனக்கும் பட்டுச்சு."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான், சக பாவிகளே: கண்ணாடியின் நீளத்தைக் குறைக்க முப்பத்திரண்டு பல் பிளேடு பண்டாரவளையில் கிடைக்கிறது, வாயின் நீளத்தைக் குறைக்கத்தான் எந்தக் கடைக்கும் இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.